நாலு பவுண்டுக் குழந்தை

13 ஜனவரி 1957, ஞாயிறு

வீடு கழுவினோம். சந்திரா ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள், நான் தரையைத் தேய்த்தேன். பக்கத்து வீட்டு மீனாச்சி, முன்னோருக்கு இலை போடும் நாள் என்று விடிந்ததிலிருந்தே அடுப்படியில் நின்றாள். அவர்கள் மலாக்கா செட்டிக் குடும்பம். பேச்செல்லாம் மலாய், சாமியெல்லாம் நம் சாமி. இறந்தவருக்கு உயிரோடிருந்தபோது எது பிடித்ததோ அதைச் சமைத்து வைப்பார்கள். அவளைப் பார்த்துத்தான் நானும் சில வருடமாக போகியன்று என் மனைவி சாரதாம்பாளுக்கு ஓர் இலை போடுகிறேன்.

இந்த வருடம் வறுத்த நெத்திலி, பருப்பு, முருங்கைக்கீரை. கடைசியில் வெற்றிலை, பாக்கு, ஒரு கிள்ளு யாழ்ப்பாணப் புகையிலை. அது இல்லாமல் சாரதா எந்த இலையிலும் உட்கார மாட்டாள்.

சாப்பிட்ட பிறகு சந்திரா, “சனிக்கெழம கதைய சொல்லுங்கப்பா” என்றாள். பதினெட்டு வயதாகிறது, தமிழ்ப் பள்ளியில் பயிற்சி ஆசிரியை, இன்னும் இந்தக் கதை கேட்கிறாள். ஐந்து வயதில் தாயை இழந்தவள். கேட்கட்டும்.

1938. ஆயர் குரோ பக்கத்துத் தோட்டத்தில், ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசருக்குக் கையாளாக நான். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மலேரியாவுக்குக் கொய்னா மருந்து கலக்குவது. சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளை எடுத்து மலாக்காவுக்கு மிதிப்பேன். துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, சந்துக் கடையில் புகையிலை வாங்கித் திரும்பினால், சாரதா எங்கள் தொழிலாளர் லயத்து வீட்டு முன்னால் நிற்பாள். வயிற்றில் சந்திரா. என் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். பொட்டலத்தை வாங்கி, கண்ணை மூடி ஒரு தடவை முகர்ந்துவிட்டு, பிறகுதான், “வந்துட்டீங்களா?”

சந்திரா அந்த “வந்துட்டீங்களா”வை என்னோடு சேர்ந்து சொல்வாள். இன்றும் சொன்னாள்.

14 ஜனவரி 1957, திங்கள்

பொங்கல். இலையில் வைத்த புகையிலையைக் காணோம். எலியா? எலி புகையிலை தின்னுமா?

2 பிப்ரவரி 1957, சனி

மத்தியானம் சந்திரா சோறு போடக் குனிந்தாள். ஒரு வாசனை. பதின்மூன்று வருடமாக இந்த வீட்டில் இல்லாத வாசனை.

“வாயில என்னம்மா?”

பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “கொஞ்சூண்டுதாம்பா. அம்மா மூஞ்சி எனக்கு ஞாபகமே இல்ல. வாசம்தான் இருக்கு. கன்னத்துல அடக்கிக்கிட்டா பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கு.”

ஏசியிருக்க வேண்டும். வாத்தியாரம்மா புகையிலை போடுகிறாள் என்று ஊர் சிரிக்காதா? ஆனால் ஏசவில்லை. இந்தப் புத்தகத்தில் எதற்குப் பொய் — எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் பாத்திரம் கழுவப் போனபின், கொடியில் கிடந்த அவள் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சாரதா இரண்டு நிமிடம் இந்த வீட்டில் இருந்தாள்.

24 பிப்ரவரி 1957, ஞாயிறு

பக்கத்து ஊர் செங்கிலிருந்து பெண் கேட்டு ஆள் வந்தது. பையன் பெயர் ஜெயபாலன், தபால் கந்தோரில் குமாஸ்தா. போன வருடம் சுதந்திரத் தேதி அறிவித்த நாளில் பண்டார் ஹிலிர் திடலில் சந்திராவைப் பார்த்தானாம். அவ்வளவு கூட்டத்தில் இவளை எப்படிப் பார்த்தான்? “நெரிசல்ல ஒரு பாட்டி மிதிபடாம கைபிடிச்சு இழுத்தேன்ப்பா. அந்தப் பக்கம் அவரு இழுத்தாரு” என்றாள் சந்திரா. முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சம்மதம். சாரதா இருந்தால் பையனை நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

16 மார்ச் 1957, சனி

எழுத்து கோணுகிறது.

ஒரு வாரமாகவே தலைவலி என்றாள். காலில் செருப்பு இறுக்குகிறது என்றாள். வெயிலில் பிள்ளைகளுக்கு அணிவகுப்புச் சொல்லிக் கொடுக்கிறாள், அதுதான் என்று நினைத்தேன். இன்று பள்ளி இல்லை. எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு வந்தாள். டாக்டர் தம்பிராஜா ஒரு நோயாளியைப் பார்க்க வெளியே போயிருந்தார். ஆள் இல்லாத நேரம். சும்மா வேடிக்கைக்குத்தான் அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினேன்.

நூற்று எண்பது. கீழே நூற்றுப் பத்து.

பட்டையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினேன். இன்னொரு கையில் சுற்றினேன். கருவி கெட்டுவிட்டது என்று என் கையில் சுற்றிப் பார்த்தேன் — எனக்கு நூற்று முப்பது.

“என்னப்பா?” “ஒண்ணுமில்லம்மா, உக்காரு.”

டாக்டர் வந்து தானும் பார்த்தார். பிறகு சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். அந்த வேலையை இந்தக் கிளினிக்கில் பதினைந்து வருடமாக நான்தான் செய்கிறேன். கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டினால், நல்ல சிறுநீர் தெளிவாகவே கொதிக்கும். கெட்டது முட்டை வெள்ளைபோல் திரியும். சில சமயம் வெறும் உப்பாலும் கலங்கும், இரண்டு சொட்டு அமிலம் விட்டால் தெளிந்துவிடும். சொட்டு விட்டேன். தெளியடா, தெளியடா என்றேன்.

தெளியவில்லை.

17 மார்ச் 1957, ஞாயிறு

பதினெட்டு வயது.

9 ஏப்ரல் 1957, செவ்வாய்

எக்ஸ்ரே வந்தது. டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு சிறுநீரகமும் அவள் வயதுக்குச் சிறியவை. “பிறவியிலையே சின்னனாய் இருந்திருக்கும் போலக் கிடக்கு” என்றார். யாழ்ப்பாணத்து மனிதர். கவலை வந்தால் பேச்சு இன்னும் மெதுவாகும்.

சின்ன வயதில் தொண்டைப் புண், சொறி, காய்ச்சல், உடம்பு வீக்கம் — ஒன்றொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. பிறந்தபோது எடை என்ன என்று கேட்டார்.

எப்படி மறக்கும்? தோட்டத்து ஆஸ்பத்திரித் தராசில் நான்தான் நிறுத்தேன். நாலு பவுண்டு. எட்டாம் மாதம் முடியவில்லை. புண்ணுக்குக் கட்டும் பஞ்சு முழுவதையும் எடுத்து அவளைச் சுற்றினோம். சாரதா இரண்டு மாதம் அவளைத் தன் நெஞ்சை விட்டு இறக்கவில்லை. ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வெளியே போய்த் தலையாட்டினார்கள். பிழைத்தாள். அதைப்போல் ஒரு சந்தோஷம் என் வாழ்வில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

“நாலு பவுண்டு” என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார். உப்பை அடியோடு நிறுத்த வேண்டும். அழுத்தம் இறங்கச் சர்ப்பகந்தி மாத்திரை. வாரம் ஒரு முறை அழுத்தம் பார்க்க வேண்டும். வெயிலில் நிற்கக் கூடாது. கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னார்.

28 ஏப்ரல் 1957, ஞாயிறு

உப்பில்லாத சோறு, உப்பில்லாத குழம்பு. நானும் அதையே சாப்பிடுகிறேன். மூன்றாம் நாள் அவள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். மீனாச்சி வேலிக்கு மேலாக ஒரு கிண்ணம் நீட்டினாள். மீனும் புளியும் மஞ்சளும். “காராம் தாடா, அசாம் சாஜா” — உப்பில்லை, புளி மட்டும். சந்திரா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். மீனாச்சியிடம் கேட்டு நான் செய்முறையை எழுதிக்கொண்டேன்.

19 மே 1957, ஞாயிறு

160/100. கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

6 ஜூலை 1957, சனி

டாக்டருக்குக் கப்பலில் மருத்துவப் பத்திரிகைகள் வரும். சனிக்கிழமை நோயாளிகள் போனபின் உட்கார்ந்து படிப்பார். இன்று கூப்பிட்டார்.

“மாணிக்கம், இங்கை வாரும். உம்மடை பெட்டை நாலு பவுண்டு எண்டு சொன்னீர் அல்லோ. தாய் சிகரெட் பிடிக்கிறவவோ?”

“இல்லீங்க டாக்டர். சாரதாவா? இல்ல.”

அமெரிக்காவில் ஒரு பெண் டாக்டர், பிள்ளைபெற வந்த ஆயிரக்கணக்கான பெண்களைக் கேட்டு எழுதியிருக்கிறாராம். புகைபிடிக்கும் தாய்மாருக்கு மாதம் நிறையாத சின்னக் குழந்தைகள் கூடுதலாகப் பிறக்கின்றனவாம். புகையிலையில் இருக்கும் நிகோடின் என்ற சரக்கை முன்பே எலிக்கு ஊசி போட்டும் பார்த்திருக்கிறார்களாம். குட்டிகள் சின்னதாய்ப் பிறந்தனவாம்.

பிறகு கேட்டேன்: “வெத்தலையோட போடுற புகையிலையிலயும் அது இருக்குங்களா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “ஓம். அதிலையும் இருக்கு.”

“அதனாலதான் அவ சிறுநீரகமும்—”

“அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை, மாணிக்கம். அந்தக் குட்டியள் வளந்த பிறகு பிரஷர் என்ன, கிட்னி என்ன எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை. பாக்க இன்னும் கனகாலம் எடுக்கும். வேறை காரணமும் இருக்கலாம். ஆனால்...” — பத்திரிகையை மூடினார் — “வயித்துக்குள்ளை உடம்பே சின்னனாய் வளந்தால், உள்ளை இருக்கிறதும் சின்னனாய்த்தானே வளரும்? சின்ன வடிகட்டி. பெரிய வேலை. இது என்ரை யோசனை மட்டும். நீர் இதைத் தலையிலை போட்டுக்கொள்ளாதையும்.”

போட்டுக்கொள்ளாமல்?

7 ஜூலை 1957, ஞாயிறு

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பத்தொன்பது வருடமாக நான் எதை நினைத்து வாழ்ந்தேன்? அந்த சனிக்கிழமைகளை. ஏழு மைல் சடக்கு, இரண்டு பக்கமும் ரப்பர் பால்மரம், கைப்பிடியில் தொங்கும் பொட்டலம். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டு அதைத்தான் நினைத்தேன். கொய்னா இல்லாமல் மலேரியாவில் சாரதா போனபின் அதைத்தான் நினைத்தேன். தாயில்லாத பிள்ளைக்குச் சொத்து என்று அதைத்தானே கொடுத்தேன்?

அது விஷமா? நான் மிதித்து மிதித்துக் கொண்டுவந்தது விஷமா?

இல்லை. டாக்டர் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது என்றார். லயத்தில் எத்தனை பேர் போட்டார்கள், எல்லார் பிள்ளைக்குமா இப்படி?

நாலு பவுண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுத இன்று கை வரவில்லை.

10 ஜூலை 1957, புதன்

பள்ளியிலிருந்து வந்தவள் வாயில் மறுபடி அந்த வாசனை. விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

கத்திவிட்டேன். “துப்பு! துப்புடி அத!” இதுவரை அவளை “டி” போட்டு நான் பேசியதில்லை. பயந்து கையிலேயே துப்பிவிட்டாள்.

பிறகு சொன்னேன். அமெரிக்காவில் எழுதியதையும், எலிக்குட்டியையும், டாக்டரின் யோசனையையும். “உங்கம்மா உன்ன வயித்துல வச்சிக்கிட்டுப் புகையில போட்டா. அதனாலயும் இருக்கலாம்.”

எல்லாம் சொல்லிவிட்டேனா? இல்லை. சாரதா போட்டாள் என்றுதான் சொன்னேன். இறந்தவளின் தலையில் வைத்துவிட்டு என் கையைக் கழுவிக்கொண்டேன்.

சந்திரா அழவில்லை. வெகுநேரம் கையைக் கழுவினாள். “எனக்கு அம்மான்னு இருந்ததே அது ஒண்ணுதாம்பா” என்றாள். “அதையும் எடுத்துட்டீங்க.”

11 ஜூலை 1957, வியாழன்

உஜோங் பாசிருக்குப் போய்விட்டாள், சாரதாவின் அக்கா அன்னம்மா வீட்டுக்கு. அங்கிருந்தே பள்ளிக்குப் போகிறாளாம். மாத்திரையை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். அலமாரியைத் திறந்து பார்த்தேன்.

16 ஜூலை 1957, செவ்வாய்

மீனாச்சி கிண்ணம் நீட்டினாள். ஒருவனுக்குப் போதுமான அளவு.

21 ஜூலை 1957, ஞாயிறு

போனேன். பஸ்ஸில் போயிருக்கலாம், சைக்கிளில் போனேன். நாற்பத்தாறு வயது, மூச்சு வாங்கிற்று. வாங்கட்டும்.

அன்னம்மா அக்கா வீட்டு முன்னால் கடல் காற்றில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. சந்திரா காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் வீக்கம் குறைந்திருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

அக்கா என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள். “ஏன் தம்பி, செத்துப்போன என் தங்கச்சி மேல பழியப் போடுறீங்க? நானுந்தான் புகையில போட்டேன். என் நாலு பிள்ளைங்களும் கல்லு மாதிரி இருக்கு. உங்க டாக்டரு வெள்ளக்காரன் புத்தகத்தப் பாத்துச் சொன்னா ஆச்சா?”

“அக்கா, அவ மேல பழியில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

உட்காராமல் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

“சந்திரா, உங்கம்மா தானாப் போடல. நான்தான் குடுத்தேன். மூணாம் மாசம் அவளுக்கு ஒரே வாந்தி. தண்ணி குடிச்சாலும் வாந்தி. வெத்தலையோட ஒரு கிள்ளு புகையில வச்சா நிக்கும்னு யாரோ சொன்னாங்க. முதல் நாள் போட்டுட்டு, தல சுத்துது, வேணாம்னு துப்பிட்டா. நான் விடல. ஆஸ்பத்திரியில வேல பாக்குறவன், எனக்குத் தெரியும், பழகிடும்னு சொன்னேன். பழகிடுச்சு. அப்புறம் வாந்தி நின்னுச்சு, ஆனா புகையில நிக்கல. நிக்கணும்னு நானும் நெனைக்கல. வெத்தல போட்ட அவ வாய் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. சனிக்கெழமையான்னா ஓடிப்போயி வாங்கிட்டு வந்தேன். அவளுக்குன்னு சொல்லிக்கிட்டு எனக்காக வாங்கினேன்.”

காக்கை வந்து ஒரு மீனைக் கொத்திக்கொண்டு போயிற்று, யாரும் விரட்டவில்லை.

சந்திரா கேட்டாள்: “எனக்கு ஆகாதுன்னு அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“உங்களுக்கு?”

“சத்தியமாத் தெரியாது.”

“இப்ப டாக்டருக்காவது நிச்சயமாத் தெரியுமா?”

“இல்லம்மா. அவருக்கும் நிச்சயமில்ல.”

“அப்ப நான் யாரு மேலப்பா கோவப்படுறது?” — அப்போதுதான் குரல் உடைந்தது.

“என் மேல படும்மா. நான்தான் உசிரோட இருக்கேன்.”

என்னோடு வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. சைக்கிளைத் திருப்பும்போது அன்னம்மா அக்கா ஒரு பொட்டலம் கொடுத்தாள். உப்பில்லாமல் காயவைத்த மீன். “அவளுக்குன்னு தனியாப் போட்டேன். உங்களுக்கும்தான்” என்றாள்.

25 ஜூலை 1957, வியாழன்

கிளினிக்கிலிருந்து வந்தால் வீடு திறந்திருக்கிறது. சந்திரா அடுப்படியில். “பசியாறிட்டீங்களாப்பா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். போதும்.

31 ஆகஸ்ட் 1957, சனி

மெர்டேக்கா, சுதந்திர நாள். பண்டார் ஹிலிர் திடலில் கால் வைக்க இடமில்லை. சந்திரா சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் கொடி பிடித்து நடந்தார்கள். அவள் என்னோடு மரத்தடியில் உட்கார்ந்து உதட்டசைவில் இடது வலது சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசைப் பையன் கால் மாற்றிப் போட்டபோது எழுந்துவிட்டாள், நான் இழுத்து உட்காரவைத்தேன்.

நேற்று ஜெயபாலனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவளே தபால் கந்தோருக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில், வெளியில் நிறுத்தி.

“என்ன சொன்னாரு?”

“பிள்ள பெத்துக்க முடியுமான்னு கேட்டாரு. தெரியாது, ஆபத்துன்னு டாக்டர் சொல்றாருன்னேன். யோசிக்கணும்னாரு.”

எனக்குக் கோபம் வந்தது. “யோசிக்க என்ன இருக்கு?”

“இருக்குப்பா. யோசிக்காம சரின்னு சொல்லியிருந்தாதான் எனக்குப் பயம்.”

எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள். நாங்களும் கைதட்டினோம். சாரதாவுக்கு இந்த நாளைக் காட்டியிருக்கலாம் என்று நினைத்தேன். அவளை நினைக்கும்போது நெஞ்சில் ஓர் ஓரம் இப்போது குத்துகிறது. ஆனாலும் நினைத்தேன்.

22 அக்டோபர் 1957, செவ்வாய்

தீபாவளி. ஜெயபாலன் வரவில்லை. தபாலில் வாழ்த்து அட்டை வந்தது.

16 நவம்பர் 1957, சனி

ஜூலையிலிருந்து கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணிகளிடம் புகையிலை போடுகிறார்களா என்று நானே கேட்டு, விடச் சொல்கிறேன். டாக்டர் தடுக்கவில்லை. என் பேச்சை யாரும் கேட்பதும் இல்லை. இன்று பாக்கியலட்சுமி என்று ஒரு பெண், லாரி டிரைவர் மனைவி, ஆறு மாதம். கன்னம் புடைத்திருந்தது. சொன்னேன். சிரித்தாள்.

“எங்கம்மா புகையில போட்டுத்தான் ஒம்போது பெத்தா, கம்பவுண்டரே. நீங்க எத்தன பெத்தீங்க?”

பெஞ்சில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. அழுத்தம் பார்க்க வந்திருந்த சந்திரா எழுந்து அந்தப் பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். புடவையைச் சற்று உயர்த்தி, கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றது.

“அக்கா, நான் நாலு பவுண்டுல பொறந்தேன். எங்கம்மாவும் போட்டாங்க. எனக்குக் கிட்னி சின்னது, ரத்தக் கொதிப்பு. உப்பு போட்டுச் சாப்பிட்டு ஏழு மாசம் ஆச்சு. அதனாலதானா இதுன்னு டாக்டருக்கே நிச்சயமில்ல. ஒருவேள இல்லாமலும் இருக்கலாம். ஆனா ஒருவேள அதுதான்னா? இன்னும் மூணு மாசம்தானே அக்கா.”

பாக்கியலட்சுமி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வெளியே போனாள். சாக்கடையில் துப்பும் சத்தம் கேட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, “மூணு மாசத்துக்கு மட்டுந்தான்” என்றாள்.

நான் மருந்து அறைக்குள் போய்விட்டேன். ஒரு பாட்டிலுக்கு இரண்டு தடவை லேபிள் ஒட்டினேன்.

20 பிப்ரவரி 1958, வியாழன்

பாக்கியலட்சுமிக்குப் பெண். ஆறு பவுண்டு ஐந்து அவுன்ஸ். புகையிலையை விட்டதாலா? தெரியாது. எழுதி வைக்கிறேன்.

6 ஏப்ரல் 1958, ஞாயிறு

ஜெயபாலன் தனியாக வந்தார். ஏழு மாதம் யோசித்திருக்கிறார். தாயாருக்கு இன்னும் மனமில்லையாம், ஆனால் கல்யாணத்தில் வந்து நிற்பாராம். “சார், பிள்ளைங்கிறது அப்புறம். நான் கேட்டது தப்பில்ல, ஆனா அத முதல்ல கேட்டது தப்பு” என்றார். சந்திரா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தேநீர் கொண்டுவந்து வைத்தவள், அவர் தட்டில் மட்டும் இரண்டு முறுக்கு கூடுதலாக வைத்தாள்.

25 மே 1958, ஞாயிறு

துக்காங் எமாஸ் பிள்ளையார் கோவிலில் கல்யாணம். காலையில் தாலி கட்டும் முன் அழுத்தம் 150/95. சாரதாவின் இடத்தில் அன்னம்மா அக்கா நின்றாள். மாப்பிள்ளையின் தாயார் கடைசிவரை முகம் இறுகியே இருந்தார். பந்தியில் சந்திரா உப்பில்லாமல் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, தன் இலையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து அவள் இலையில் வைத்தார்.

15 மார்ச் 1959, ஞாயிறு

செங்கில் மகள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சின்ன வீடு, பின்னால் நாலு கத்திரிச் செடி. மாப்பிள்ளை சமைத்தார். புளியும் மிளகும் தூக்கலாக, உப்பு இல்லாததே தெரியவில்லை. போன வாரம் டாக்டர், “இந்த வருஷமும் பிள்ளை வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். இருவரும் சரி என்றார்களாம். என்னிடம் அதைச் சொல்லும்போது சந்திரா கத்திரிச் செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

சாப்பிட்ட பிறகு, “அப்பா, அம்மாவப் பத்தி ஏதாவது சொல்லுங்க” என்றாள்.

ஒரு வருடம் எட்டு மாதமாக அவள் இதைக் கேட்கவில்லை. கேட்கமாட்டாள் என்றே முடிவு செய்திருந்தேன். “எதச் சொல்ல?” என்றேன்.

“சொல்லாத கதையாச் சொல்லுங்க.”

யோசித்தேன். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி மற்றதையெல்லாம் மறந்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. ஆனால் வந்தது. நீ பிறந்து மூன்றாவது வாரம், என்று ஆரம்பித்தேன். பெயர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி ஆள் அனுப்பினான்: சாரதாம்பாள் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டும், இல்லையென்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். குழந்தையை நெஞ்சை விட்டு இறக்கினால் உயிர் போய்விடும் என்ற நிலை. நான் கிராணியின் கைகாலைப் பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கிளம்பிவிட்டாள். விடிகாலைப் பெரட்டு, பெயர் கூப்பிடும் நேரம், இருநூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். உங்கம்மா நேராக மேசைக்குப் போனாள். பஞ்சு மூட்டையோடு உன்னை அவன் பெயர்ப் புத்தகத்தின் மேலேயே படுக்கவைத்தாள். “இந்தாங்க கிராணியாரே, நான் வேலைக்குப் போறேன். சாயங்காலம் வரைக்கும் இதுக்கு நெஞ்சுச் சூடு காட்டுங்க. செத்துப்போச்சுன்னா இந்தப் புத்தகத்துலயே இது பேரையும் எழுதிக்குங்க” என்றாள். கிராணி வெளுத்துப்போனான். அப்போது பார்த்து, பஞ்சைத் தாண்டி, புத்தகம் முழுக்க ஈரம். மைபோட்டு எழுதிய ஒரு பக்கப் பெயர் முழுவதும் கரைந்து ஓடியது. வரிசையில் ஒருவன் சிரித்தான், பிறகு தோட்டமே சிரித்தது. உங்கம்மாவுக்கு இரண்டு மாதம் லீவு கிடைத்தது.

சந்திரா சிரித்தாள். மாப்பிள்ளை சிரித்தார். சந்திரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்து, “அப்ப என் கிட்னி அன்னிக்கு நல்லாத்தாம்பா வேல செஞ்சிருக்கு” என்றாள்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.